கோடு விழுந்த மேகங்கள்

அந்த வீட்டில் மழை வருமா வராதா என்று சொல்லும் அதிகாரம் மூத்த மருமகளுடையது. யாரும் எழுதிக் கொடுக்கவில்லை, தானாக அமைந்தது. முன்னறை ஜன்னலோரம் தையல் மிஷினை மிதித்துக்கொண்டே வானத்தையும் ஒரு கண் பார்த்துக்கொள்வாள். துணி காயப்போடலாமா என்று மாமியார் கேட்பார், குடை எடுக்கவா என்று புருஷன் கேட்பான். பாதி நாள் தப்பாகத்தான் சொல்வாள். ஆனாலும் அவளைத்தான் கேட்டார்கள். புகுந்த வீட்டில் அவள் சேர்த்த சொத்து அது ஒன்றுதான்.

அதற்கும் வேட்டு வைக்க வந்து சேர்ந்தாள் சின்னவள். கொழுந்தன் பெண்டாட்டி, ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுப்பவள். மனுஷர்களின் எலும்பைப் பார்த்தது போதாதென்று மேகத்தின் முதுகையும் பார்க்க ஆசைப்பட்டாள். மொட்டை மாடியில் இரண்டு அலுமினியக் கம்பிகளை விரித்துக் கட்டினாள். அதிலிருந்து ஒரு ஒயர், கட்டைவிரல் அளவு ரேடியோ, லேப்டாப். வானிலை செயற்கைக்கோள் தலைக்கு மேல் கடக்கும் சில நிமிடங்கள் டிக் டிக்கென்று சத்தம் வரும். படம் வரி வரியாக இறங்கும்.

முதல் படத்தைப் பார்த்த மாமனார், "இந்த வெள்ளை நம்ம பக்கமாத்தானே வருது?" என்றார்.

"ஆமா மாமா, துணியை எடுத்துடலாம்."

சாயங்காலம் கொட்டித் தீர்த்தது. வீடே சின்னவளைத் தலையில் தூக்கி வைத்து ஆடியது. மறுநாள் பெரியவளின் புருஷனே, குடை எடுப்பதா என்று தம்பி மனைவியைக் கேட்டான். பெரியவள் பக்கத்தில்தான் நின்றிருந்தாள்.

பள்ளிச் சீருடைத் தையல் வந்து குவிய, அவள் மிஷினுக்கு மோட்டார் மாட்டினாள். அந்த வாரமே மேகப் படத்தில் கோடு கோடாக விழுந்தது. "பக்கத்துல ஏதோ மோட்டார் ஓடுது மாமா. அந்த இரைச்சல் ரேடியோவுல ஏறிடுது," என்றாள் சின்னவள். மாமனார் தண்ணீர் மோட்டாரைச் சந்தேகப்பட்டார், ஃபிரிட்ஜைச் சந்தேகப்பட்டார், பக்கத்து வீட்டையும் விடவில்லை. பெரியவள் மட்டும் குனிந்து தன் மிஷினைப் பார்த்தாள்.

அன்றிலிருந்து, லேப்டாப்போடு மாடியேறும் காலடி கேட்டால் போதும், பெரியவளுக்கு எங்கிருந்தோ தையல் மும்முரம் வந்துவிடும். மேகமெல்லாம் கந்தலாக இறங்கியது. மாமியார் மறுபடி முன்னறைக்கு வந்து, "துணி போடலாமாம்மா?" என்று கேட்டார்.

"தாராளமா போடுங்கத்தை." அவளுக்குக் காது குளிர்ந்துபோயிற்று.

சீருடைகள் தைத்து முடிந்தன. மாடியேறும் காலடி மட்டும் நிற்கவில்லை. பெரியவளும் விடவில்லை. ஒரு மத்தியானம், ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி பெடலை அமுக்கிக்கொண்டிருந்தாள். மிஷின் சத்தத்தில் யாரோ இறங்கி வந்தது காதில் விழவில்லை. திரும்பினால் வாசலில் சின்னவள், கையில் கழற்றிய கம்பிகள்.

"அக்கா, உங்க மோட்டார்தான்னு போன வாரமே தெரிஞ்சுபோச்சு. சொன்னா நீங்க தைக்கிறதை நிறுத்திடுவீங்கன்னுதான் சொல்லல. இது உங்க பிழைப்பு, என்னோடது விளையாட்டுதானே. கழட்டிட்டேன். நீங்க நிம்மதியா தைங்க."

பெடலிலிருந்து கால் எழவில்லை. பேச்சோடு பேச்சாக, என்ன தைக்கிறாள் என்று பார்க்கச் சின்னவள் குனிந்தாள். ஊசி ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. அடியில் துணி இல்லை. ஊசியில் நூல்கூட இல்லை.

"என்னக்கா தைக்கிறீங்க?" என்றாள், நிஜமாகவே புரியாமல்.

பிறகு அவள் முகம் மாறியது. கம்பிகளோடு திரும்ப மாடியேறினாள்.