ஓடையில் இறங்க ஒரு கையெழுத்து

மெல்போர்னில் ஓடையில் இறங்கக்கூடக் கையெழுத்துப் போட வேண்டும். கேன்யனிங் என்பார்கள்; பாறை இடுக்கில் ஓடும் தண்ணீரோடு நாமும் நடந்து, வழுக்கி, நீந்தி இறங்குவது. நாம் பொங்கல் வைக்கும் மாதம் அங்கே கோடை, ஆனாலும் தண்ணீர் பல்லைக் கிட்ட வைக்கும். முதல் தடவை போனபோது, 'எது நேர்ந்தாலும் யாரும் பொறுப்பல்ல' என்ற படிவத்தை நீட்டிய வழிகாட்டிப் பெண்ணிடம், "நிஜமாகவே சாவார்களா?" என்று கேட்டேன். நான் ஜோக்கடிக்கிறேன் என்று நினைத்து விழுந்து விழுந்து சிரித்தாள். மரியாதைக்கு நானும் சிரித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டேன். அங்கே குடியேறிய எட்டு வருடத்தில் அந்த ஊர்ப் புத்தி எனக்கும் நன்றாகவே ஏறிவிட்டது.

இந்த மே மாதம் கள்ளக்குறிச்சிக்கு வந்தது ஒரு காரியமாக. மூங்கில்துறைப்பட்டுப் பக்கம் அப்பா விட்டுப்போன இரண்டு ஏக்கர் கரும்பு நிலத்தை விற்றால் மெல்போர்னில் ஒரு வீட்டுக்கு முன்பணம் கட்டலாம். அதற்குத் தங்கை மலரின் சம்மதம் வேண்டும். எப்படிக் கேட்பது? மலைமேல் கரியாலூர் பக்கம் ஓடைக்கு அழைத்துப்போய், குளிர வைத்து, மெதுவாகப் பேச்சை எடுக்கலாம் என்று கணக்குப் போட்டேன். கோடை மழை பெய்து ஓடையிலும் தண்ணீர் இருந்தது. நான் கயிறு, ஹெல்மெட், நானே தமிழில் தட்டச்சு செய்த படிவம் சகிதம் போனேன். மலர் தக்காளி சோறு கட்டிவந்தாள். அவள் வீட்டுக்காரர் கோபால் சோப்பும் துண்டுமாக வந்தார். ஹெல்மெட்டை நீட்டியதும், "இங்க போலீசு புடிக்க மாட்டாங்க மச்சான்" என்றார்.

பிறகு படிவத்தை வாங்கி உரக்கப் படித்தார். 'இவர் மீது எந்த உரிமையும் கோரமாட்டேன்' என்ற வரியில் குரல் நின்றது. அப்போதுதான் எனக்கே உறைத்தது. நம் பக்கம் கூடப்பிறந்தவளிடம் சொத்துக்கு விடுதலைப் பத்திரம் எழுதி வாங்குவது ஏறக்குறைய இதே வாசகத்தில்தான். அதற்கு முன்னால் சேலை எடுத்துக் கொடுப்பதும் வழக்கம். நானும் முந்தாநாள்தான் எடுத்துக் கொடுத்திருந்தேன்.

"இன்னா மச்சான், நெலத்த எழுதி வாங்கறீங்களா?"

"ஐயோ மாப்ள, இது தண்ணியில எறங்கறதுக்கு!"

"தண்ணியில எறங்க எவன் எழுதி வாங்கறான்? நெலத்துப் பேச்சே இல்லன்னு சத்தியம் பண்ணுங்க பாக்கலாம்."

நான் குனிந்து ஹெல்மெட் வாரை வெகு நேரம் சரிசெய்தேன். மலர் பேனாவைப் பிடுங்கி, படிக்காமலே கையெழுத்துப் போட்டாள்.

"நெலத்துக்குன்னாலும் போட்டுத் தரேண்ணா. ஆனா அத வித்துட்டா, அப்புறம் நீ இன்னாத்துக்கு இந்த ஊருக்கு வரப்போற?"

எனக்கு வெட்கமாக இருந்தது. முதலில் நான் இறங்கி, கயிற்றை அடுத்த பாறையில் கட்டிவிட்டு வந்தேன். அவள் சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு தண்ணீரில் கால் வைத்தாள். "ஐயய்யோ, சில்லுனு கீதே!" என்று அலறி, என் மணிக்கட்டை இறுகப் பிடித்துக்கொண்டாள். கயிற்றைப் பிடித்துக்கொண்டு போக வேண்டியதுதான்; அவள் பிடியை விடுவதாக இல்லை. இடுப்பளவுத் தண்ணீரில், போகவும் முடியாமல் திரும்பவும் முடியாமல் நடுங்கிக்கொண்டு நின்றேன்.

"இன்னா மச்சான், பயமா இருக்குதா?" என்று கரையிலிருந்து மாப்பிள்ளை கேட்டார்.

ஆமாம் என்றேன்.