கையெழுத்துக்கு முன் ஒரு தேத்தண்ணி

பொறாமை வந்தால் எனக்கு வீடு துப்புரவாக்கும் வெறி பிடிக்கும். போன நகரசபைத் தேர்தல் வருடம் எங்கள் புரோசார்ட் வீட்டைப்போலத் துப்புரவான வீடு ஆற்றின் தென்கரை முழுக்கத் தேடினாலும் கிடைத்திருக்காது. குசினி அலமாரிகளை இரண்டு முறை இறக்கி அடுக்கினேன். என்ன விசேஷம் என்று கணவர் கேட்டார். ஒன்றுமில்லை என்றேன்.

வீடுகளுக்குப் புதிய மதிப்பீடு வந்திருந்த காலம் அது. நகரசபை வீட்டின் பெறுமதியை ஏற்றினால் வரியும் பின்னாலேயே ஏறும். வருகிற கடதாசி முழுக்கப் பிரெஞ்சு. மாதா கோயிலில் ஞாயிறு பூசை முடிந்ததும் எங்கள் தமிழ்ச் சனம் அந்தக் கடதாசியை மடித்துக் கொண்டுவந்து என்னிடம்தான் நீட்டும். நான் பக்கத்து நகரமான லொங்குய்யில், சொத்துப் பத்திரம் எழுதும் ஒரு நொத்தாரிசு கந்தோரில் இருபது வருடத்துக்கு மேலாக வேலை செய்கிறேன். வீட்டு உறுதியும் வரிக் கடதாசியும் எனக்குத் தண்ணிபட்ட பாடு. யார் மறுபடி மதிப்பிடச் சொல்லிக் கேட்கலாம், யார் கேட்டால் நிலவறையில் அனுமதியில்லாமல் கட்டிய குளியலறை பிடிபடும் என்பதெல்லாம் எனக்கு மனப்பாடம். எத்தனையோ குடும்பங்களுக்கு விண்ணப்பம் நிரப்பிக் கொடுத்திருக்கிறேன்.

ஆகவே, இந்த வரி விஷயத்தைப் பேச நகரசபைக்கு எங்களில் ஒருவரை நிறுத்த வேண்டும் என்று கோயிலில் கதை எழும்பியபோது, நான் தயாராகவே இருந்தேன். கருநீலத்தில் ஒரு கோட்டுகூட வாங்கி வைத்தேன். அவர்கள் அவளைத் தெரிவுசெய்தார்கள்.

அவள் வீட்டிலேயே ஒரு சின்ன கார்டெரி, அதாவது பிள்ளைகள் காப்பகம், நடத்துகிறவள். பிள்ளைகளைக் கொண்டுவந்து விடும் தாய்தகப்பனோடு நாள் முழுக்கக் கதைத்துக் கதைத்துப் பிரெஞ்சு அவள் வாயில் தேனாக வரும். எப்போதும் சிரித்த முகம். என்னைவிட ஆறு வயது இளமை. கோயில் சபையில் இருந்த ஒருவர் என்னைச் சமாதானப்படுத்தவென்று வந்து, “அக்கா, உங்களைப் பாத்தாச் சனம் பயப்பிடும்” என்றார். பக்கத்தில் நின்ற என் கணவர் சிரித்தார். அந்தச் சிரிப்பை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

நகரசபை வரிக்கும் பள்ளிக்கூட வரிக்கும் வித்தியாசம் தெரியாதவள் அவள். என்னிடம்தான் வந்து கேட்டாள். அரை மணித்தியாலம் விளக்கினேன். அடுத்த ஞாயிறு மண்டபத்தில் ஒலிவாங்கியைப் பிடித்து அதையே மூன்று வசனத்தில் சொன்னாள். சனத்துக்கு விளங்கிவிட்டது. என்னிடம் வருடக்கணக்காகக் கேட்டும் விளங்காதவர்கள்கூடத் தலையாட்டினார்கள். வயிறு எரிகிறது என்று சும்மா சொல்வதில்லை, எனக்கு உண்மையாகவே அங்கே சூடாக இருந்தது.

வேட்பாளராக நிற்பதற்கு ஒரு படிவம் உண்டு. ஊரில் வாக்குரிமை உள்ள குறிப்பிட்ட தொகையானவர்கள் அதில் கையெழுத்து வைக்க வேண்டும். பூசை முடிந்து கோப்பி குடிக்கும் மேசையில் அதை விரித்து வைத்தார்கள். எங்கள் ஆம்பிளைகளுக்கு வீட்டுக்கு ஒருவர் வந்தால் போதும் என்ற எண்ணம். “மனுசிக்கும் சேத்து நானே வைக்கிறன்” என்று ஒருவர் தொடங்கினார். பின்னால் நின்றவர்களும் அப்படியே செய்தார்கள். பெண்சாதிமார் குசினியில் கோப்பை கழுவிக்கொண்டிருந்தார்கள். நான் கை எட்டும் தூரத்தில் நிற்க, என் கணவரும் என் பெயரில் ஒரு கையெழுத்தைப் போட்டார். அவளுக்குக் கையெழுத்து வைப்பதில்லை என்று முடிவு கட்டியிருந்த என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

ஒருவருக்காக இன்னொருவர் கையெழுத்து வைக்கக்கூடாது என்று ஆட்களுக்குச் சொல்வதுதான் கந்தோரில் என் அன்றாட வேலை. ஒரே கையால் போட்ட இரண்டு கையெழுத்தை எந்த அதிகாரியும் ஒரு பார்வையில் பிடித்துவிடுவார். சொல்லத்தான் வாயைத் திறந்தேன். திறந்த வாயில் ஒரு துண்டு கேக்கைப் போட்டுக்கொண்டேன்.

மனுப் போடுவதற்குக் கடைசி நாள் வெள்ளிக்கிழமை. மாலை நாலரைக்குக் கதவு பூட்டிவிடுவார்கள். வெள்ளியில் எனக்கு அரைநாள் வேலை. மூன்றரைக்கு வீட்டு மணி அடித்தது. திறந்தால் அவள். கோட்டின் பொத்தான் மாறிப் பூட்டியிருந்தது. ஒரே கையால் போட்டிருந்த கையெழுத்துகளை எல்லாம் தேர்தல் அதிகாரி தள்ளிவிட்டாராம். மத்தியானத்திலிருந்து வீடு வீடாக ஓடிப் புதிதாகச் சேர்த்திருக்கிறாள். இன்னும் ஒன்றே ஒன்று வேண்டும். வேலைக்குப் போன சனம் திரும்பவில்லை, நான் வைத்தால் போதும் என்று மூச்சு வாங்கச் சொன்னாள்.

மறைக்க மாட்டேன். எனக்குச் சந்தோசமாக இருந்தது.

“முதல்ல தேத்தண்ணி குடியுங்கோ. பேந்து வைக்கலாம்” என்றேன்.

நேரமில்லை என்றாள். இந்த வீட்டுக்கு முதல்தரம் வந்திருக்கிறீங்கள், வெறும் வாயோடு போவதா என்று கேட்டேன். எங்கள் ஆட்களிடம் அதற்குமேல் மறுபேச்சு இல்லை. அதுவும் ஆதரவு கேட்டு வந்தவள் வாசலோடு திரும்ப முடியுமா? கதிரையின் நுனியில் உட்கார்ந்தாள்.

கேத்திலில் இருந்த சுடுதண்ணியைக் கொட்டிவிட்டுப் பச்சைத்தண்ணி நிரப்பினேன். உறைநிலைப் பெட்டியில் இருந்த பற்றிஸை எடுத்து, மைக்ரோவேவை விட்டுவிட்டு, மெதுவாகச் சூடாகும் மின் அடுப்புக்குள் வைத்தேன். அது சூடாகும்வரை எங்கள் கூரை ஒழுகிய கதையைச் சொன்னேன். அவள் சுவர் மணிக்கூட்டைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். அதற்குப் பிறகு மணிக்கூட்டைப் பார்க்கவில்லை. இரண்டு பற்றிஸையும் சாப்பிட்டுத் தேத்தண்ணியையும் கடைசிவரை குடித்தாள். பிறகு நான் கண்ணாடி தேடி எடுத்து, அழகாகக் கையெழுத்து வைத்து, தபால் குறியீட்டையும் ஒவ்வொரு எழுத்தாக எழுதிக் கொடுத்தேன். நாலு பத்து. மெர்சி என்று சொல்லிவிட்டு ஓடினாள்.

வெள்ளி மாலையில் தாஷ்ரோ தெரு வாகனங்களால் எப்படி நெரியும் என்று இங்கே எல்லோருக்கும் தெரியும். அவள் போய்ச் சேர்ந்தபோது கதவு பூட்டியிருந்தது. ஏற்கனவே உறுப்பினராக இருந்தவருக்கு எங்கள் வட்டாரத்தில் வேறு போட்டியில்லை. போட்டியில்லாமலே வென்றார்.

சனம் வீதி நெரிசலைத் திட்டியது. என்னைப் பற்றி நல்லதாகவே கதைத்தார்கள். தனக்குக் கிடைக்காத இடம் என்று பாராமல் உபசரித்து அனுப்பினாளாம், பெரிய மனசாம். அந்தக் கதையைப் பரப்பியவளே அவள்தான் என்று பிறகு கேள்விப்பட்டேன். கணவர் அதைக் கேட்டு நெஞ்சை நிமிர்த்தினார்.

உயிர்த்த ஞாயிறு அன்று மண்டபத்துக் குசினியில் நாங்கள் இரண்டு பேரும் தனியே கோப்பை கழுவினோம். அதற்குமேல் தாங்க முடியாமல், அன்றைக்கு வீட்டுக்கு வந்தீங்களே என்று தொடங்கினேன். அவள் என்னை முடிக்க விடவில்லை.

“ஓம் அக்கா, எனக்கு அண்டைக்கே விளங்கினது. உங்கட இடத்தில நான் இருந்திருந்தா, ரெண்டாவது தேத்தண்ணியும் தந்திருப்பன்.”

சொல்லிவிட்டு அடுத்த கோப்பையை எடுத்தாள். முகத்தில் கோபமும் இல்லை, குத்தலும் இல்லை. ஆறு மாதமாகச் சுவாமியாரிடம் செய்த பாவசங்கீர்த்தனத்தில்கூட என் வாயில் வராததை அவள் கோப்பை கழுவிக்கொண்டே சொல்லி முடித்துவிட்டாள். அவர்கள் அவளைத் தெரிவுசெய்தது சரிதான் என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது. விளங்கியதும் மறுபடி வயிறு எரிந்தது.