டீசல் மூடியில் மதினி வைத்த சந்தனம்

எங்கள் அண்ணன் மறைந்து ஓராண்டு நிறைகிறது. அலங்காநல்லூர் அருகே விவசாயக் குடும்பத்தில் மூத்தவராகப் பிறந்தவர். அப்பா போனபின், நிலத்தை மட்டும் நம்பிப் பயனில்லை என்று ஒரு பழைய பிக்கப் வண்டியை வாங்கி, சுற்றுவட்டாரக் காய்கறிகளை மதுரைச் சந்தைக்கு ஏற்றினார். என் படிப்பும் தங்கையின் கல்யாணமும் அந்த வண்டி கொடுத்தவைதான். யாரிடமும் குரல் உயர்த்தாதவர், வண்டியை மட்டும் வாய் நிறையத் திட்டுவார்.

அந்த வண்டி ஒரு கோடையில் எங்களைப் படுத்தி எடுத்தது. ஓடும்போதே மிஸ்ஸிங் அடிக்கும், திணறும், நடுரோட்டில் நின்றுவிடும். கொஞ்ச நேரம் கழித்துச் சாவி போட்டால் ஒன்றும் அறியாத பிள்ளைபோலக் கிளம்பும். மெக்கானிக் ஓட்டிப் பார்க்கும்போதோ நிற்கவே நிற்காது. ஃபில்டரை மாற்றினார்கள், பம்பைக் கழற்றினார்கள், வயரையெல்லாம் பிரித்தார்கள். கோளாறு பிடிபடவில்லை. ஏற்றிய தக்காளி வெயிலில் வெந்தது. விவசாயிகள் ஒவ்வொருவராக வேறு வண்டிக்குப் போனார்கள். எங்களுக்கு வேறு பிழைப்பு கிடையாது. அண்ணனுக்குச் சோறு இறங்கவில்லை.

அண்ணன் மனைவி, எங்கள் மதினி, திருப்பரங்குன்றத்து முருகனுக்கு நேர்ந்துகொண்டார். வண்டி நன்றாக ஓடிய நாளிலிருந்தே வெள்ளிதோறும் அதற்குச் சந்தனமும் குங்குமமும் வைப்பவர், இப்போது விரதமும் இருந்தார். "அதுக்கு வாய் இதுதான" என்று டீசல் மூடியிலும் ஒரு பொட்டு. வண்டி நிற்க நிற்க, அந்தப் பொட்டு பெரிதாகிக்கொண்டே போனது.

ஒரு நண்பகல், கத்தரிக்காய் லோடோடு பைபாஸில் நின்றது. நானும் உடனிருந்தேன். அண்ணன் சக்கரத்தருகே உட்கார்ந்து அழுதார்.

"முடியலடா தம்பி. இத வித்துட்டு நான் எங்குட்டுப் போயி நிப்பேன்?"

அவர் அழுது நான் வேறெப்போதும் பார்த்ததில்லை. தண்ணீர் பாட்டிலை எடுத்து நீட்டினேன். அவரே முகத்தைத் துடைத்துக்கொண்டு கேட்டார்.

"டீசல் போட்டதும் கொஞ்ச தூரம் நல்லா ஓடுதே, அது ஏன்டா?"

எழுந்து போய் டீசல் மூடியைத் திருகினார். டேங்க் உஸ்ஸென்று காற்றை உள்ளே இழுத்தது. மூடியில் காற்றுப் போவதற்கென்று இருந்த சிறு துளையைக் காய்ந்த சந்தனம் அடைத்திருந்தது. காற்றுப் புகாமல் டீசல் எப்படி இன்ஜினுக்குப் போகும்?

"மதினிகிட்டச் சொல்லிருவோம்ணே" என்றேன்.

"மூச்சு விடாத. வண்டி நின்னதுக்குத் தான்தான் காரணம்னு தெரிஞ்சா அவ தாங்க மாட்டா."

அன்றிலிருந்து அவர் சாவிக்கொத்தில் ஓர் ஊக்கு தொங்கியது. வெள்ளிதோறும் தெருமுனை தாண்டியதும் இறங்கித் துளையைக் குத்திவிடுவார். வண்டி ஓடியது. விரதத்தின் பலன் என்று மதினி நம்பினார். போன விவசாயிகளும் திரும்பி வந்தார்கள்.

சென்ற ஆண்டு சந்தையில் நெஞ்சுவலி வந்தது. ஆஸ்பத்திரிக்குப் போன அண்ணன் திரும்பவில்லை. மதினியின் தம்பி வண்டியை எடுத்து ஓட்டினார்; மதினியின் வெள்ளிக்கிழமைச் சந்தனமும் தொடர்ந்தது. சில வாரங்களில் அது மறுபடி வழியில் நின்றது.

"அவுகளோட இதுவும் போகுது தம்பி" என்று மதினி வாசலிலேயே சரிந்து உட்கார்ந்தார்.

அதற்குமேல் மறைக்க எனக்கு மனம் வரவில்லை. சாவிக்கொத்திலிருந்து ஊக்கைக் கழற்றி அவர் கையில் கொடுத்து எல்லாவற்றையும் சொன்னேன். அவர் அதை முந்தானையில் குத்திக்கொண்டார்.

"அவுக ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் வைக்காம இருந்திருப்பேனே."

"அதுக்குப் பயந்துதான் மதினி, அண்ணன் சொல்லல."

அண்ணனைத் தூக்கிக்கொண்டு ஓடிய சந்தைத் தோழர்களுக்கும், வண்டி ஓடியதும் எங்களிடமே திரும்பி வந்த விவசாயிகளுக்கும், துக்கத்தில் உடனிருந்த உறவுகளுக்கும் எங்கள் குடும்பம் நன்றிக்கடன் பட்டிருக்கிறது.

இப்போதும் வெள்ளிதோறும் டீசல் மூடிக்குச் சந்தனம் உண்டு. வைத்து முடித்ததும் மதினியே ஊக்கை எடுத்துத் துளையைக் குத்திவிடுகிறார்.