அக்காவின் ரோஜாக்களைப் பிடுங்கியது நான்தான்

என்னைப் பெண் பார்க்க வந்தது மாப்பிள்ளை இல்லை. மாப்பிள்ளையின் முதல் பெண்டாட்டி. கல்யாணமாகிப் பன்னிரண்டு வருஷமாகியும் குழந்தை இல்லை என்று, புருஷனுக்கு இரண்டாவது பெண்ணை அவளே தேடி அலைந்துகொண்டிருந்தாள். எங்கள் ஊர் பள்ளிப்பட்டுப் பக்கம். நைனாவுக்கு இருந்தது வானம் பார்த்த நிலம் கொஞ்சம். இரண்டு வருஷமாக மழை இல்லை. உலகச் சண்டைக் காலம் வேறு, அரிசி கண்ணில் படவில்லை. ஐந்து பெண்களில் நான் மூன்றாமவள், பதினேழு வயது.

வந்தவள் என் முகத்தைச் சரியாகப் பார்க்கக்கூட இல்லை. என் கையை இழுத்து, உள்ளங்கையைத் திருப்பி, கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தாள்.

"கை மெத்துனு கீது. பரவால்ல, காச்சிப் போவும்," என்றாள்.

அவள் போன பிறகு நான் அழுதேன். நைனா அதட்டினார். "மலைமேல கீற சாமிக்கே ரெண்டு பொண்டாட்டி. உனக்கு இன்னா வந்துச்சி? மூணு வேளை சோறு கீது அங்க."

சோறு இருந்தது உண்மைதான். அந்த வீடு கே.ஜி.கண்டிகைக்குப் போகிற வழியில் இருந்தது. பின்னால் கிணறு, கிணற்றை ஒட்டி அரைக் காணி நிலம். அந்த நிலம் முழுக்க ரோஜா. அங்கே நின்றால் திருத்தணி மலைப் படிகளில் ஆட்கள் ஏறுவது எறும்பு ஊர்கிற மாதிரித் தெரியும்.

தோட்டத்தில் முக்கால்வாசி பன்னீர் ரோஜா. வெளிர்ச் சிவப்பு, மெல்லிய இதழ், கிட்டே போகுமுன்பே வாசம் வரும். ஆனால் வெயில் ஏறிவிட்டால் தொட்டதுமே உதிர்ந்துவிடும். பொழுது கிளம்புமுன் பறித்து ஈரத்துணி போட்டு மூட வேண்டும். கோயிலுக்கும் குல்கந்துக்கும் அதுதான். வரப்போரம் நாட்டுச் சிவப்பு. வாசம் குறைவு, காம்பு உறுதி, மாலையில் கட்டினால் இரண்டு நாள் தாங்கும். கிணற்று மேட்டில் பட்டன் ரோஜா கொத்துக் கொத்தாகப் பூக்கும். ரயிலில் போகிற பெண்களுக்கு விற்க ஸ்டேஷன் பூக்காரிகள் அதைத்தான் கேட்டு வாங்குவார்கள். இவை போக, ஒரே ஒரு ஒட்டுச் செடி, பெங்களூரிலிருந்து வந்த மஞ்சள் ரோஜா. கிண்ணம் அளவு பூ, வாசமே கிடையாது. அதை அவள் 'தொரசானி' என்று கூப்பிடுவாள். அந்தப் பூவை விற்கவும் மாட்டாள், சாமிக்கும் கொடுக்க மாட்டாள்.

இத்தனையும் அவள் ஒருத்தியாக உண்டாக்கியது. கோயில் நந்தவனத்தில் கவாத்து செய்து எறிந்த குச்சிகளைப் பொறுக்கி வந்து, வெட்டுவாயில் சாணி அப்பி நட்டாளாம். பிழைத்ததிலிருந்து மறுபடி குச்சி வெட்டி, மறுபடி நட்டு, பத்து வருஷத்தில் அரைக் காணியை நிரப்பியிருந்தாள். என் புருஷன் இதைச் சொல்லும்போது பெருமை இருந்த அளவுக்குப் பயமும் இருந்தது. அவர் அவளிடம் குரல் உயர்த்தி நான் கேட்டதே இல்லை.

நான் அவளை அக்கா என்று கூப்பிட்டேன். அவள் என்னை 'தே' என்றாள். அந்த வீட்டில் அதுதான் என் பெயர்.

விடியுமுன் எழுப்பிவிடுவாள். தன் விரல்களில் பழைய புடவைக் கிழிசலைச் சுற்றிக்கொள்வாள். எனக்குத் தர மாட்டாள். "கை காச்சட்டும்," என்பாள். கடலைப் பிண்ணாக்கை ஒரு வாரம் ஊறவைத்து, புழு நெளிகிற அந்தத் தண்ணீரைக் கையை விட்டுக் கலக்கச் சொல்வாள். கலக்கி முடித்து, சாம்பல் போட்டு மூன்று தடவை கையைக் கழுவிக்கொண்டு சாப்பிட உட்கார்ந்தால், புருஷன் எதிரில் மூக்கைப் பொத்திக்கொள்வாள். "நாத்தம் கொடலைப் புடுங்குது. அப்பால போய்த் துன்னு." நான் தட்டை எடுத்துக்கொண்டு மாட்டுக் கொட்டகைக்குப் போவேன். அவர் சோற்றைப் பிசைந்துகொண்டே இருப்பார்.

ஒருமுறை முள் உடைந்து ஆள்காட்டி விரலில் தங்கிவிட்டது. விரல் கத்தரிக்காய் மாதிரி வீங்கியது. அவளிடம் காட்டினேன். கவாத்துக் கத்தியை இடுப்பிலிருந்து எடுத்துக் கீறிவிட்டாள். நான் போட்ட கூச்சலில் கிணற்றில் மாடு கட்டிக் கவலையில் தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்த என் புருஷன் மாட்டை நிறுத்திவிட்டு ஓடிவந்தார். "ஒண்ணுமில்ல, முள்ளுதான்," என்று அவரைத் திருப்பி அனுப்பினாள். விரலின் அந்த நுனியில் இன்றுவரை எனக்கு உணர்ச்சி கிடையாது.

ஒன்றரை வருஷம் ஆயிற்று. நானும் உண்டாகவில்லை. புரட்டாசி மாதத்துக் கவாத்தின்போது, வேர் பிடிக்காத குச்சிகளைப் பிடுங்கி வரப்பில் எறிந்துகொண்டிருந்தவள் என்னைப் பார்த்துச் சொன்னாள்: "மொளைக்காத குச்சிய வெச்சிக்கினு தண்ணி ஊத்தக்கூடாது."

"அப்ப உன்னைப் புடுங்கிப் போட்டு எத்தினி வருஷம் ஆயிருக்கணும் அக்கா?" என்று கேட்டுவிட்டேன்.

அடிப்பாள் என்று நினைத்தேன். அவள் அடிக்கவில்லை. கையிலிருந்த குச்சியை எறியாமலே அடுத்த பாத்திக்குப் போய்விட்டாள். அவளை எங்கே தொட்டால் வலிக்கும் என்பது அன்றைக்கு எனக்குத் தெரிந்துபோயிற்று. அந்த நினைப்பு எனக்கு இனித்தது. அதை மறைத்துச் சொல்வதில் பலனில்லை.

தை மாதம் எனக்கு நாள் தள்ளிப்போயிற்று.

குல்கந்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். பன்னீர் ரோஜா இதழை ஆய்ந்து, ஒரு அடுக்கு இதழ் ஒரு அடுக்கு சர்க்கரை என்று ஜாடியில் போட்டு, வாயைத் துணியால் கட்டி ஒரு மாதம் வெயிலில் வைத்தால் குல்கந்து. சண்டைக் காலத்தில் சர்க்கரைக்கு ரேஷன் வந்தபின் பனங்கற்கண்டைப் பொடித்துப் போட்டாள். உடம்புச் சூடு தணியும், கர்ப்பப்பை குளிரும் என்று எந்த வைத்தியனோ சொன்னதைக் கேட்டு, கல்யாணமான இரண்டாம் வருஷத்திலிருந்து தினமும் காலையில் ஒரு உருண்டை விழுங்கிக்கொண்டிருந்தாள். நான் வந்த பிறகும் விடவில்லை. எனக்கு ஒருநாளும் கொடுத்ததில்லை.

நான் உண்டாகியிருப்பது தெரிந்த மறுநாள், ஒரு வாழையிலைக் கிழிசலில் உருண்டை வைத்து எடுத்து வந்தாள். "துன்னு. உடம்பு சூடாவாது," என்றாள். அவள் குரல் அப்படித் தணிந்து நான் கேட்டதில்லை.

விஷம் வைத்திருப்பாளோ என்று எனக்குப் பயம். உண்மையில் பயமா, அல்லது பயம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேனா, தெரியவில்லை. இலையை வாங்கினேன். அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே வாசலில் படுத்திருந்த நாயைக் கூப்பிட்டு அதன் முன்னால் வைத்தேன். நாய் நக்கியது. இலையையும் சேர்த்து நக்கியது. அவள் நாய் முடிக்கிற வரைக்கும் நின்று பார்த்தாள். நானும் பார்த்தேன். நாய்க்கு ஒன்றும் ஆகவில்லை.

அதற்குப் பிறகு அவள் என்னை வேலை வாங்கவில்லை. அத்தோடு நான் விட்டிருக்கலாம்.

அந்த வருஷம் உணவுப் பயிர் போடச் சொல்லி ஊர் ஊராகத் தமுக்கு அடித்தார்கள். கர்ணம் வந்து, "இந்தப் பஞ்சத்துல கெணத்துத் தண்ணிய பூவுக்கு எறைக்கிறியேப்பா," என்று என் புருஷனைக் கேட்டுவிட்டுப் போனார். அவர் தலையைச் சொறிந்தார். அவராக எதுவும் செய்ய மாட்டார் என்று எனக்குத் தெரியும். அன்று மத்தியானம் அவர் எதிரிலேயே குடலைப் பிடுங்குகிற மாதிரி ஓங்கரித்தேன்.

"இன்னா ஆச்சி?"

"அந்தப் பூ வாசனைங்க. வயித்தைப் பொரட்டுது. புள்ள நிக்காது போல கீது."

அது பொய். அந்த வீட்டில் எனக்குப் பிடித்த ஒரே விஷயம் அந்த வாசம்தான். காலையில் பறிக்கும்போது கையில் ரத்தம் வந்தாலும் மூக்குக்கு அது வேண்டியிருந்தது. ஆனால் பத்து நாள் விடாமல் ஓங்கரித்தேன். சோற்றைத் தள்ளிவைத்தேன். ஒருநாள் கிணற்றடியில் மயங்கி விழுகிற மாதிரியும் விழுந்தேன். பதினோராம் நாள் அவர் செடிகளைத் தோண்ட ஆள் சொல்லிவிட்டு வந்தார்.

நாளைக் குறித்தது நான். ஆனி மாதக் கிருத்திகை. அன்று அக்கா பூக்கூடையோடு மலைக்குப் போவாள், திரும்ப மத்தியானம் ஆகும். அவள் ஆடிக் கிருத்திகைக்காகச் செடிகளை நுனி வெட்டி, தண்ணீரை அளந்து விட்டு, தளிர் விட வைத்திருந்தாள். பூக்காவடி எடுக்கிறவர்கள் நான்கைந்து பேர் அவளிடம் முன்கூட்டியே சொல்லி வைத்திருந்தார்கள். அந்தத் தளிரெல்லாம் செம்பு நிறத்தில் இருந்தது.

ரோஜாவை ஏர் கட்டி உழ முடியாது. ஆறு ஆட்கள் கடப்பாரையும் மண்வெட்டியுமாக இறங்கி, ஒவ்வொரு தூராக நெம்பித் தோண்டினார்கள். கிணற்று மேட்டில் குவித்தார்கள். பச்சை முள் எரியாமல் புகைந்தது. நான் சினைப் பசு மாதிரி வயிற்றைத் தள்ளிக்கொண்டு வேப்பமர நிழலில் உட்கார்ந்து பார்த்தேன்.

அக்கா மலைப் படியில் இறங்கும்போதே புகையைப் பார்த்திருக்க வேண்டும். ஓடி வந்திருந்தாள், முந்தானை நெகிழ்ந்து கிடந்தது, காலில் செருப்பில்லை. காலிக் கூடையைக் கீழே வைத்துவிட்டு அவரிடம் போனாள்.

"நீங்க சொன்னதா, அவ சொன்னதா?"

அவர் கிணற்றுக்குள் பார்த்துக்கொண்டு சொன்னார்: "வயித்துல புள்ள கீது."

"ஆங்," என்றாள்.

பிறகு குவியலுக்குள் வெறும் கையை விட்டுத் தொரசானியைத் தேடினாள். முழங்கை வரை கிழிந்து ரத்தம் வந்தது. அதன் தூரை வேரோடு இழுத்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். ஆட்கள் வேலையை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்கள். அவரைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தார்கள்.

"அதையும் வாங்கி நெருப்புல போடுங்க," என்றேன்.

வாங்கிப் போட்டார்கள். அவள் தடுக்கவில்லை.

அவளுடைய தம்பி வந்து இரண்டு நாள் இருந்துவிட்டு, கூட்டிப் போவதைப் பற்றிப் பேச்செடுக்காமல் திரும்பிவிட்டான். அவள் கொட்டகைப் பக்கம் படுக்க ஆரம்பித்தாள். ஆடியில் அந்த நிலத்தில் கேழ்வரகு நட்டோம். நடவுக்கு அவளையும் அனுப்பினேன். முதல் மழைக்கு, அறுபட்டுத் தங்கிய வேர்களிலிருந்து ரோஜா துளிர்த்துப் பயிரின் நடுவே தலை நீட்டியது. களையெடுக்கவும் அவளைத்தான் அனுப்பினேன். ஒன்று விடாமல் பிடுங்கினாள்.

எனக்குப் பெண் பிறந்தது. அவர் எட்டிப் பார்த்துவிட்டு வயலுக்குப் போனார். அக்கா குளிப்பாட்டுகிறேன் என்று பாத்திரத்தில் வெந்நீரோடு வந்து நின்றாள். "மலடி கண்ணு படக்கூடாது," என்று மருத்துவச்சி எதிரிலேயே சொன்னேன். பாத்திரத்தை வைத்துவிட்டுப் போனாள். குழந்தை பேச ஆரம்பித்தபோது, பெரியம்மா என்று சொல்ல விடாமல், 'முள்ளு' என்று கூப்பிடப் பழக்கினேன். குழந்தை மழலையில், "முள்ளு, தண்ணி," என்னும். அவள், "ஆங், வந்துட்டேன்," என்று சொல்லி எடுத்து வருவாள். மூன்று வருஷம் அந்தப் பெயருக்கு அவள் பதில் சொன்னாள்.

நாலாம் வருஷம் மாசி மாதத்தில் ஒரு காலை, மாடுகளுக்குத் தண்ணீர் காட்டிவிட்டு, மாற்றுப் புடவையோடு கிளம்பிப் போய்விட்டாள். சொல்லிக்கொள்ளவில்லை. மலையடிவாரத்தில், படி தொடங்குகிற இடத்தில் பூக்கட்டும் கடை போட்டிருப்பதாகப் பிறகு எனக்குத் தெரிந்தது; அவரிடம் நான் சொல்லவில்லை. ரயிலில் வருகிற ரோஜாவை வாங்கிக் கட்டினாளாம். பூக்காவடிக்காரர்கள் அவளிடம்தான் போனார்களாம்.

ஒரு கிருத்திகைக்கு மகளை அழைத்துக்கொண்டு போனேன். கூட்டத்தில் அவளைக் கண்டதும் மகள், "முள்ளு!" என்று கத்தினாள். நாலு பேர் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள். அக்கா தலையைத் தூக்கினாள். குழந்தையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"பூ இல்ல," என்றாள். அவள் முன்னால் மூன்று கூடை நிறையப் பன்னீர் ரோஜா இருந்தது.

அன்றைக்கு வீடு திரும்பி நான் அவரிடம் இதைச் சொன்னேன். சொல்லியிருக்கக்கூடாது. எங்கே இருக்கிறாள் என்பதை அதுவரை அவர் யாரிடமும் கேட்கத் துணிந்ததில்லை. அடுத்த வாரம் திருத்தணிக்கு எள் விற்கப் போனார். அதற்கடுத்த வாரம் விற்க ஒன்றும் இல்லாமலே போனார். பிறகு கேழ்வரகு அறுவடைக்கு மட்டும் வந்தார். அப்புறம் அதற்கும் வரவில்லை.

அவள் அவரை மன்னித்து ஏற்றுக்கொண்டாள் என்று நினைத்திருந்தேன். போய்ப் பார்த்தேன். கடைக்குப் பின்னால் அவர் குந்தி உட்கார்ந்து, கூடைப் பூக்களின் மீது தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தார். "கையை மெதுவா ஒதறு, எதழு ஒடையுது பாரு," என்று அவள் ஊர் கேட்கக் கத்தினாள். அவர் மெதுவாக உதறினார். அவருடைய சோற்றுத் தட்டு சாக்கடை ஓரம் தனியாக இருந்தது.

நான் திரும்பினேன். வயலில் கதிர் முற்றி நின்றது. ஆள் கிடைக்கவில்லை. மகளை வரப்பில் உட்காரவைத்துவிட்டு நானே இறங்கி அறுத்தேன்.