ஸ்கூட்டி அக்காவின் இரண்டு முகவரிகள்

பிளாக், அதாவது வலைப்பூ, ரிப்பேர் பண்ற வேலையில கம்ப்யூட்டர் சொன்ன பேச்சைக் கேட்கும். மனுஷங்கதான் கேட்க மாட்டாங்க. பிளஸ் டூவோட படிப்பை நிறுத்திட்டு, ரெட்டியார்பாளையத்துல ஒரு சின்ன வெப்சைட் ஆபீஸ்ல சேர்ந்திருக்கேன். காலேஜ் ஏன் போகலைன்னு கேட்காதீங்க, போரடிக்கும். எழுதின பதிவு தேடினா வர மாட்டேங்குதுன்னு தலையில கை வச்சு உட்கார்ந்திருக்கிற உங்களுக்காகத்தான் இது.

விழுப்புரத்துக்குப் போன போன்

மீனா அக்கா லாஸ்பேட்டையில பொண்ணுங்களுக்கு ஸ்கூட்டி ஓட்டக் கத்துக்கொடுக்கறாங்க. முதல் நாள் பயத்தைப் பத்தி அவங்க எழுதின பதிவைப் படிச்சுட்டுத்தான் ஆளுங்க வருவாங்க. திடீர்னு யாருமே வரல. பார்த்தா, இலவச பிளாக்ல இருந்த பதிவையெல்லாம் புது வெப்சைட்டுக்கு அப்படியே காப்பி பண்ணிட்டு, பழசையும் விட்டு வச்சிருக்காங்க. ரெண்டும் ஒண்ணுதான்னு கண்டுபிடிச்ச தேடுபொறி, பழசை மட்டும் காட்டுது. அதுல இருக்கிறது அக்கா எப்பவோ விட்டுட்ட போன் நம்பர். அது இப்போ விழுப்புரத்துல ஒரு பெரியவர்கிட்ட இருக்கு.

"நம்ம ஊர்ல ஒரே தெருவுக்கு பிரெஞ்சுல ஒரு பேரு, தமிழ்ல ஒரு பேரு இருக்குல்ல? அது மாதிரிக்கா. எது அசல் முகவரின்னு தேடுபொறிக்குப் புரியற மாதிரி பழைய பக்கத்துல ஒரு வரி எழுதணும். அதுக்குப் பேரு கனானிக்கல்"னு விளக்கினேன். அக்கா சொன்னாங்க: "தெருவுக்கு எத்தன பேரு இருந்தா எனக்கென்ன பாப்பா? இந்த மாசமும் ஆள் வரலைன்னா வண்டிய வித்துட்டு துணிக்கடை வேலைக்குப் போயிடுவேன்."

சொல்ல மாட்டேன்

பழைய பிளாக்கை அழிச்சா சுலபம்தான். இத்தனை வருஷம் தேடுபொறிகிட்ட அது சேர்த்த பேரும் சேர்ந்து போயிடும். உள்ள போய்த்தான் அந்த வரியை எழுதணும். பாஸ்வேர்டு அக்காவுக்கு மறந்துபோச்சு. மாத்தலாம்னா ஓடிபி அந்தப் பெரியவர் போனுக்குத்தான் போகும்.

கூப்பிட்டேன். "தெனமும் பொண்ணுங்க போன் பண்ணி கியர் இருக்கா, கிளட்ச் இருக்கான்னு கேக்குதுங்க"ன்னு அலுத்துக்கிட்டார். ஓடிபின்னதும் கட் பண்ணிட்டார். சரியாத்தான் செஞ்சார், நானும் அதைத்தான் செஞ்சிருப்பேன். அப்புறம் என் போன்லயே அக்கா பேசினாங்க. ஞாயித்துக்கிழமை மனுஷன் பஸ் ஏறி நேரா கிரவுண்டுக்கே வந்து, அக்கா கிளாஸ் எடுக்கறதை முழுசா நின்னு பார்த்தார். அதுக்கப்புறம்தான் போனை நீட்டினார்: "நான் சொல்ல மாட்டேன். நீயே பாத்து அடிச்சுக்கோ."

வாசல் வரைக்கும்

உள்ள போனதும் முதல் வேலையா பதிவுல இருந்த போன் நம்பரை மாத்தினேன். கனானிக்கல் வரியை எங்க ஆபீஸ் ரகு அண்ணன் போட்டார். ஒவ்வொரு பழைய பதிவும் புது சைட்ல இருக்கிற அதே பதிவைக் காட்டணும். அண்ணன் ஒரே வரியை எல்லாத்துலயும் ஒட்டிட்டார், அது காட்டினது புது சைட்டோட முகப்புப் பக்கத்தை. இந்த மாதிரி தப்பான வரியைத் தேடுபொறி பெரும்பாலும் கண்டுக்காது. எங்க நேரம், நம்பிடுச்சு. தேடினா பழைய பதிவும் காணோம், புதுசும் காணோம்.

கத்தினேன். முதலாளி காதுல விழட்டும்னே கத்தினேன். அண்ணன் அசரல: "எல்லாம் அக்கா சைட்டுதானே, வாசல் வரைக்கும் கொண்டாந்து விட்டுட்டேன்ல?"

முதல் போன்

ஒவ்வொரு பதிவுக்கும் அதனதன் சரியான முகவரியை நானே உட்கார்ந்து எழுதினேன். புது சைட்ல இருந்து இன்னும் பழசுக்கே போயிட்டிருந்த மெனு லிங்க்கையும் திருப்பிவிட்டேன்; நாமளே ரெண்டு மாதிரி பேசினா தேடுபொறி எதை நம்பும்? அப்புறம் காத்திருந்தோம். எனக்குக் காத்திருக்கவே வராது, தெனமும் தேடித் தேடிப் பார்த்தேன். ஒரு காலையில அக்காவோட பதிவு, புது முகவரியோட, முதல் இடத்துல! நாற்காலிய விட்டுக் குதிச்சுட்டேன்.

அன்னிக்கே அக்காவுக்கு முதல் போன் வந்துச்சு. ஸ்பீக்கர்ல போட்டாங்க. விழுப்புரத்துப் பெரியவர்! "யாருமே கூப்பிடலியேன்னு நானே தேடி இந்த நம்பரக் கண்டுபிடிச்சேம்மா. ஆம்பளைங்களுக்கும் கத்துக்குடுப்பீங்களா?"

அக்கா இப்போ வண்டிய விக்கிறதா இல்ல, இன்னொண்ணு வாங்கப் போறாங்க. எது அசல் பக்கம்னு தேடுபொறிக்கே புரிஞ்சிடுச்சு, எது பிரேக்குன்னுதான் பெரியவருக்கு இன்னும் புரியல.