அக்காவின் தண்ணீர்ப் பந்தலும் ஒரு வாளி புளி ஐசும்

சாவகச்சேரியில் எங்கள் வீட்டின் மூத்த பிள்ளையாகப் பிறந்த அக்கா, இந்த முப்பத்தோராம் நாள் நினைவு மலரில், உங்கள் கைகளில் ஒரு படமாக இருக்கிறார். படத்தில் அவர் சிரிக்கிறார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இக்கட்டுரையில் கோபம் தெரிந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். அக்காவிடம் இல்லாத அந்தக் குணம் தங்கையிடம் நிறைய உண்டு.

அம்மா படுக்கையில் விழுந்தபின் எங்களை வளர்த்தவர் அக்காதான். கனடாவுக்கு வந்து தையல் தொழிற்சாலையில் வேலை செய்து, சென் ஜேம்ஸ் ரவுண் அடுக்குமாடி ஒன்றில் ஓர் அறை வீட்டில் இருந்துகொண்டு எங்களை ஒவ்வொருவராகக் கரை சேர்த்தார். எங்கள் சின்னம்மாவின் மகன் அகதியாக வந்து இறங்கியபோது அவரையும் அந்த வீட்டில்தான் வைத்திருந்தார். அவருக்குக் கட்டில், அக்காவுக்கு நிலத்தில் பாய்.

பொய் சொல்லத் தெரியாதவர் என்று நினைவு மலர்களில் எல்லோரையும் எழுதுகிறார்கள். அக்கா பிடிக்காத சேலையையும் ‘நல்ல வடிவு’ என்பார். ஆனால் சாப்பாட்டு விஷயத்தில் அவரிடம் விளையாட முடியாது. சுத்த சைவம். ஆங்கிலத்தில் அவர் முதலில் எழுத்துக்கூட்டப் பழகிய சொல்லே ‘ஜெலற்றின்’தான். கடையில் ஒவ்வொரு பெட்டியையும் திருப்பிப் பார்த்து, “உது மாட்டெலும்பில எடுக்கிறதடா தம்பி, கவனம்” என்று சின்னம்மாவின் மகனுக்கும் சொல்லிக்கொடுத்தார்.

அதே மாடியில் மெக்சிக்கோவைச் சேர்ந்த எஸ்தெலா இருந்தார். கீழே உடுப்புத் தோய்க்கும் அறையில் தொடங்கிய நட்பு அது. இருவருக்கும் இருந்த ஆங்கிலத்தைச் சேர்த்தாலும் ஒருவருக்குப் போதாது. எஸ்தெலாவின் தகப்பனார் ஊர்ச் சந்தையில் ஐஸ் விற்றவர். மரவாளிக்குள் ஒரு தகர உருளை, இடையில் ஐஸ்கட்டியும் கல்லுப்பும். உருளைக்குள் சாற்றை ஊற்றிக் கையால் சுற்றிச் சுற்றி உறைய வைப்பார்கள். ‘நியேவே’ என்பது அதன் பெயர். எலுமிச்சை, மாம்பழம், புளி எல்லாவற்றிலும் செய்வார்கள். புளியில் செய்து மேலே மிளகாய்த்தூள் தூவிக் கொடுத்த நாளில் அக்கா, “உவையும் எங்கட ஆக்கள்தானடி” என்று என்னிடம் சொல்லிச் சிரித்தார்.

தொண்ணூறுகளின் நடுவில் ஓர் ஆடி மாதம். எங்கள் கோயில் அப்போது ஸ்காபரோவில் வாடகைக்கு எடுத்த ஒரு மண்டபம். தேர் கார் தரிப்பிடத்தைத்தான் சுற்றி வரும். தேருக்குத் தண்ணீர்ப் பந்தல் அக்காவின் உபயம். மோரும் சர்க்கரைத் தண்ணீரும் கொடுத்துவந்தவர், அவ்வருடம் வெயிலைப் பார்த்துப் புளி ஐஸ் செய்தார். விடியற்காலையே தலை தோய்ந்து, புளியைக் கரைத்து வடித்தார். சீனி போட்டுக் காய்ச்சி ஆற்றினார். வாளியைப் பிடித்துச் சுற்றியவர் சின்னம்மாவின் மகன்.

தேர் பாதி வழி வருமுன்னே சனம் கோப்பைகளைக் குப்பைத் தொட்டிக்குள் போடத் தொடங்கியது. ஒரு பெண் வந்து மெதுவாகக் கேட்டார்.

“அக்கா, உதுக்குள்ள ஜெலற்றின் கிடக்காமே? மாட்டெலும்பாம்.”

“ஆர் சொன்னது?”

“உங்கட தம்பிதான் கொமிற்றிக்காரரிட்டச் சொன்னவராம்.”

அக்கா நிமிர்ந்து பார்த்தார். சின்னம்மாவின் மகன் தேர் வடம் பிடித்துக்கொண்டிருந்தார். இந்தப் பக்கம் திரும்பவேயில்லை.

வீட்டுக்கு வந்ததும் அக்கா கேட்டார். “நீதானே சுத்தினனி. புளி, சீனி, தண்ணி. வேற என்னத்தைக் கண்டனி?”

“நான் சும்மா ஒரு சந்தேகத்தில கதைச்சனான் அக்கா. சனம்தான் பெருப்பிச்சுப் போட்டுது.”

அடுத்த வருடம் பந்தல் அந்தத் தம்பியின் உபயமாயிற்று. கடையில் வாங்கிய கலர் ஐஸைப் பெட்டி பெட்டியாகக் கொடுத்தார். அந்தப் பெட்டிகளை யாரும் திருப்பிப் பார்க்கவில்லை. அக்கா வீட்டு நவராத்திரிக்கு வந்தவர்களோ கடலையைக் கையில் வாங்கி, வாயில் போடாமல் கைப்பைக்குள் வைத்துக்கொண்டு போனார்கள். அதன்பின் அக்கா அந்தக் கோயில் வாசலை மிதிக்கவேயில்லை.

ஆஸ்பத்திரியில் கடைசி நாட்களில் சோறு இறங்கவில்லை. எஸ்தெலா சுடுதண்ணீர்ப் பிளாஸ்கில் கொண்டுவந்த புளி ஐஸ் மட்டும் இறங்கியது. ஒரு பின்னேரம் கரண்டியைத் தள்ளிவிட்டுச் சொன்னார்: “சாமிக்கு முன்னால நான் உந்த ஜெலற்றினைப் போடுவனேடி? ஒருக்காச் சனத்துக்குச் சொல்லிவிடு.”

நான் சொல்லுமுன் செத்தவீட்டில் ஒலிவாங்கியைப் பிடித்தவர் அந்தத் தம்பிதான். “அக்காவின் கையால் உண்ணாதவர் இங்கு எவருமில்லை” என்று அழுதார். அவரை ‘அவர்’ என்று எழுதுவதுகூட இது அக்காவின் மலர் என்பதற்காக மட்டுமே.

ஆகவே எல்லோருக்கும் சொல்கிறேன்: அக்கா அதில் ஜெலற்றின் போடவில்லை.

ஆஸ்பத்திரிக்கு வந்தவர்களுக்கும், சமைத்து அனுப்பியவர்களுக்கும், கிரியைகளை நடத்திய ஐயருக்கும், கடைசிவரை கூட இருந்த எஸ்தெலாவுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. இன்று மதியச் சாப்பாட்டுக்குப் பின் எஸ்தெலா மண்டப வாசலில் மரவாளியோடு நிற்பார். அன்று கோப்பையை எறிந்தவர்கள் இன்று வாங்கிச் சாப்பிடுங்கள்.

தம்பி, முதல் கோப்பை உங்களுக்கு. எல்லோரும் பார்க்கச் சாப்பிடுங்கள். அதற்குள் என்ன இருக்கிறது என்று உங்களுக்குத்தானே தெரியும்.

— தங்கை