தோற்ற வேட்பாளர் வீடு

பாராளுமன்றத் தேர்தலில் அப்பா எத்தனை முறை நின்றாரோ அத்தனை முறையும் தோற்றார். மயிரிழையில் போய்விட்டது என்று சொல்லி மனதைத் தேற்றிக்கொள்ளவும் வழியில்லை. எல்லாமே தாராளமான தோல்விகள். பழைய தேர்தல் முடிவுகளை எங்காவது போட்டிருந்தால், வென்றவர்களின் பெயரெல்லாம் முடிந்த பிறகு பக்கத்தின் அடியில் அவர் பெயர் இருக்கும். அவ்வளவு தூரம் இறங்கிப்போய்த் தேடுகிற ஆள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

அப்பா கஹவத்தையில் தோட்டத் தொழிற்சங்கத்தின் வட்டாரப் பிரதிநிதி. சிங்களம் பேசினால் தமிழர் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். அம்மா தோட்டத்தில் ரப்பர் பால் வெட்டினாள். தொண்ணூற்று நாலாம் வருஷத் தேர்தலுக்கு முன்னால், இரத்தினபுரியிலிருந்து ஒரு கட்சி அமைப்பாளர் ஜீப்பில் வந்து இறங்கினார். மாவட்டப் பட்டியலில் ஒரு தமிழ்ப் பெயர் வேண்டும், தோட்டத்து வாக்கு சிதறாமல் வரவேண்டும் என்றார். அன்றைக்கு அப்பாவுக்குக் கால் தரையில் பாவவில்லை.

"நம்மாளு ஒருத்தன் பார்லிமெண்டுல உக்காந்துட்டா போதும் புள்ள, மத்ததெல்லாம் தானா வரும்" என்றார் அம்மாவிடம்.

"மொதல்ல உக்கார விடுறாங்களான்னு பாருங்க" என்றாள் அம்மா.

எங்கள் தேர்தல் முறையைக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். வாக்குச்சீட்டின் மேலே கட்சிகளும் சின்னங்களும் இருக்கும். கீழே வெறும் இலக்கங்கள். ஒவ்வொரு இலக்கமும் ஒரு வேட்பாளர். முதலில் கட்சிச் சின்னத்துக்கு எதிரே பெருக்கல் குறி மாதிரி ஒரு புள்ளடி போட வேண்டும், பிறகு பிடித்த ஆளின் இலக்கத்தில் ஒரு புள்ளடி. கட்சிக்கு விழுந்த வாக்கை வைத்து அதற்கு எத்தனை ஆசனம் என்று முடிவாகும். அந்த ஆசனங்களில் யார் யார் உட்காருவது என்பதை இலக்கத்துக்கு விழுந்த விருப்பு வாக்கு முடிவு செய்யும். எங்கள் பக்கம் விருப்பு வாக்கு என்றால் யாருக்கும் புரியாது. சிங்களத்தில் சொல்வதுபோல மனாப்பே என்றுதான் சொல்வோம். நாங்களோ மாவட்டம் முழுக்கத் தோட்டம் தோட்டமாகச் சிதறிக் கிடந்த கொஞ்ச சனம். அப்பாவுக்காக எங்கள் ஆட்கள் போட்ட வாக்கெல்லாம் கட்சிக்கு ஆசனம் சேர்த்துக் கொடுத்தது. அதில் போய் உட்கார்ந்தவர்கள் வேறு ஆட்கள்.

அந்த வாக்குகளில் அம்மாவுடையது இல்லை. அவளுக்கு வாக்கே இல்லை. அவள் சின்னப் பிள்ளையாக இருந்தபோது அவளுடைய அப்பா, குடும்பத்தோடு இந்தியாவுக்குப் போகிறோம் என்று எழுதிக் கொடுத்துவிட்டார். இந்தியப் பாஸ்போர்ட் வந்தது, ஆட்களை ஏற்றிப்போகிற கப்பல்தான் நின்றுபோனது. பலாங்கொடை மலையில் பிறந்து கஹவத்தையில் வாழ்க்கைப்பட்ட அம்மா, கண்ணால் பார்த்திராத ஒரு நாட்டின் பிரஜையாக இருந்தாள்.

முதல் தேர்தல் அன்று, தோட்டத்து ஆட்கள் வரிசை வீடுகளில் குடியிருக்கும் லயமே காலியானது. எல்லாரும் குளித்து, நல்ல உடுப்பு உடுத்தி, பாடசாலையில் இருந்த வாக்குச்சாவடிக்கு இறங்கிப் போனார்கள். அம்மா வீட்டில் பெரிய சட்டியில் சோறு வடித்துக்கொண்டிருந்தாள். புறப்படும்போது அப்பா குசினி வாசலில் கொஞ்சம் நின்றார்.

"ஊரே ஒங்களுக்குப் போடப் போவுது. கட்டுனவ நான் அடுப்புகிட்ட நிக்கிறேன்" என்றாள் அம்மா. கோபமாகச் சொல்லவில்லை. வெட்கப்பட்டுச் சொன்னாள். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

"ஒன் வோட்டு விழாம நான் ஜெயிச்சாலும் அது ஜெயிச்ச மாதிரி இல்ல புள்ள" என்றார் அப்பா. தேர்தலில் சொல்லப்படும் பேச்சுகளில் நான் நம்பிய ஒரே பேச்சு அதுதான்.

அந்த முறை வாக்கு எண்ணும் இடத்துக்குப் போய்வந்த அப்பா சோறு வேண்டாம் என்று படுத்துவிட்டார். தோற்றதற்காக அல்ல. நிராகரித்த வாக்குச்சீட்டுகளை அங்கே காட்டியிருக்கிறார்கள். பலவற்றில் அப்பாவின் இலக்கத்தில் மட்டும் புள்ளடி இருந்ததாம். சின்னத்துக்கு எதிரே ஒன்றுமில்லை. சின்னம் இல்லாமல் இலக்கத்துக்கு மட்டும் போட்டால் அந்த வாக்கு செல்லாது. தப்பு எங்கள் சனத்தின் மேல் இல்லை. பாறையிலும் மதகிலும் அப்பாவின் நம்பரைத்தானே சுண்ணாம்பில் எழுதி வைத்திருந்தோம்? "நம்ம நம்பர், நம்ம நம்பர்" என்று கூட்டத்துக்குக் கூட்டம் கத்தியதும் நாங்கள்தான்.

அதற்குப் பிறகு வந்த தேர்தல்களில் அப்பா வேட்பாளராக இருந்ததைவிட வாத்தியாராக இருந்ததுதான் அதிகம். பெரிய மட்டையில் வாக்குச்சீட்டு மாதிரி வரைந்து, லயத்து வீடுகளின் முன்திண்ணையான இஸ்தோப்பு ஒவ்வொன்றிலும் மாட்டிவைத்துப் பாடம் எடுத்தார்.

"மொதல்ல எங்க போடணும்?"

"சின்னத்துல!"

"அப்புறம்?"

"நம்பர்ல!"

எங்கள் வீட்டு இஸ்தோப்பிலும் இந்தப் பாடம் நடந்தது. வந்தவர்களுக்கு அம்மா சாயத்தண்ணி ஊற்றிக் கொடுத்தபடியே கேட்டுக்கொண்டிருப்பாள். தொண்டை கட்டி அப்பா நிறுத்தினால், மீதியை அவள் சொல்லி முடிப்பாள். வாக்கில்லாதவள் வாக்குப் போடச் சொல்லிக் கொடுத்தாள். ஒவ்வொரு தேர்தல் முடிந்ததும் கட்சிக்காரர்கள் அப்பாவை மறந்துபோவதையும், அடுத்த தேர்தலுக்கு ஞாபகமாக வந்துவிடுவதையும் அவள்தான் கவனித்துக்கொண்டே இருந்தாள்.

"கறிவேப்பில மாதிரி ஒங்களப் போட்டுத் தாளிக்கிறாங்க. திங்கிறப்ப எடுத்து ஓரமா வச்சிர்றாங்க" என்பாள். அப்பா சிரித்து மழுப்புவார்.

பிறகு சட்டம் மாறியது. அம்மா மாதிரி ஆட்களுக்கும் இந்த நாட்டுப் பிரஜாவுரிமை கிடைத்தது. வாக்காளர் இடாப்பில் அவள் பெயர் ஏறியதற்குப் பிறகு வந்த தேர்தலில், அப்பா மறுபடியும் நின்றார். தபாலில் வந்த வாக்காளர் அட்டையை அம்மா சாமிப் படத்துக்கு முன்னால் வைத்திருந்தாள். அன்று காலையில் மஞ்சள் பூசிக் குளித்து, என் சடங்குக்கு எடுத்த சேலையைக் கட்டிக்கொண்டாள். அப்பா ஊரையெல்லாம் விட்டுவிட்டு அவளோடு நடந்து போனார். சாவடிக்குள் நுழைவதற்கு முன் பாடத்தை ஒருமுறை மெல்லச் சொன்னார்.

"எனக்கேவா?" என்றாள் அம்மா.

வெளியே வந்தபோது விரலில் மை இருந்தது. அப்பாவின் முகத்தில் அவ்வளவு சந்தோஷத்தை நான் பார்த்ததேயில்லை. தோற்றால்கூடப் பரவாயில்லை என்று அன்று அவர் நினைத்திருக்க வேண்டும்.

தோற்றார். மனாப்பே முடிவுகளைக் காலையில் ரேடியோவில் வாசித்தார்கள். கட்சிக்கு நல்ல ஆசனம். வென்றவரை வண்டியில் ஏற்றிக்கொண்டு பெல்மதுளைப் பக்கமிருந்து ஊர்வலம் வந்தது. வெடிச்சத்தம் எங்கள் லயம் வரைக்கும் கேட்டது. அப்பா ரேடியோவை நிறுத்திவிட்டு, "ஒன் வோட்டாவது எனக்கு விழுந்துச்சே, அது போதும்" என்றார்.

"நான் சின்னத்துல போடலீங்க" என்றாள் அம்மா.

அப்பாவுக்கு விளங்கவில்லை.

"ஒங்க நம்பர்ல மட்டுந்தான் போட்டேன்."

"அப்ப அது செல்லாதே புள்ள!"

"தெரியும்."

"தெரிஞ்சுமா?" அப்பாவின் குரல் உயர்ந்துவிட்டது. இத்தனை வருஷம் காத்திருந்து கிடைத்த வாக்கு, ஊருக்கே பாடம் எடுத்த வீட்டில் வீணாகிவிட்டதே என்று அவருக்கு ஆத்திரம்.

அம்மா வெடிச்சத்தம் வந்த திசையைக் கையால் காட்டினாள். "சின்னத்துல போட்டா அது அந்தா போறானே, அவனுக்குத்தானே போய்ச் சேரும்? ஒவ்வொரு தடவையும் அப்படித்தானே போச்சு? எனக்கு ஒங்களுக்குப் போடணும்னுதாங்க ஆச."

அப்பா எழுந்து சங்க ஆபீசுக்குப் போய்விட்டார். யார் பக்கம் நியாயம் என்று கேட்டால் அன்று அப்பா பக்கம் என்றுதான் சொல்லியிருப்பேன். எனக்கும் அம்மாவின் மேல் கோபம்தான்.

அடுத்த தேர்தல் பேச்சு அடிபடத் தொடங்கியதும் அந்த அமைப்பாளர் வழக்கம்போல வந்து சேர்ந்தார். ஜீப்புக்குப் பதில் இப்போது புது வேன். பட்டியலில் அப்பாவின் பெயரைப் போட்டாயிற்று, கையெழுத்துத்தான் பாக்கி என்றார். அம்மா சாயத்தண்ணித் தட்டோடு குசினியிலிருந்து வந்துகொண்டிருந்தாள்.

"வேணாம் மாத்தயா. எனக்கு விழ வேண்டிய மனாப்பே விழுந்திருச்சி" என்றார் அப்பா சிங்களத்தில்.

அமைப்பாளர், எந்தத் தேர்தலில், எவ்வளவு விழுந்தது என்று கேட்டார்.

"போன தடவதான். ஒண்ணு. இத்தன எலக்சன்ல எனக்குன்னு மட்டும் தெரிஞ்சே விழுந்தது அந்த ஒண்ணுதான்."

பகிடி என்று நினைத்து அமைப்பாளர் பெரிதாகச் சிரித்தார். அம்மாவுக்குச் சிங்களம் நன்றாகவே தெரியும். கையில் தட்டோடு, வந்த இடத்திலேயே நின்றுவிட்டாள்.